21ஆம் எண் சட்டை: ஜான் ஒபி மிக்கேல்

2005 ஏப்ரல் 29 அன்று நார்வேயில் எடுத்த ஒரு படம் கால்பந்து ரசிகர்கள் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். மான்செஸ்டர் யுனைடெட்டின் சிவப்புச் சட்டையோடு ஒரு நைஜீரியப் பையன் கேமராவைப் பார்க்கிறான். சட்டையில் 21 என்ற எண். பையனுக்கு 18 வயது நிரம்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அவனுடைய ஏஜென்ட் பக்கத்தில் இல்லை.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனாலும் அதற்காக யுனைடெட்டுக்கு 1.2 கோடி பவுண்டு கிடைத்தது. கொடுத்தது லண்டனின் செல்சி கிளப்.

ஜான் ஒபி மிக்கேலைப் பற்றி எழுதுகிறவர்கள் "வீணாய்ப் போன திறமை" என்று ஆரம்பிப்பது வழக்கமாகிவிட்டது. முன்னால் நின்று ஆட்டத்தை நடத்தப் பிறந்தவரைச் செல்சி பின்னுக்கு இழுத்து, பக்கத்தில் இருப்பவருக்குப் பந்தைத் தள்ளிவிடும் வேலையில் உட்கார வைத்துவிட்டது என்பது புகார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் வாழ்க்கையில் முக்கியமான காரியங்கள் பலவற்றை அவருக்காக வேறு யாரோதான் முடிவு செய்தார்கள், உண்மை. ஆனால் எந்த இடத்தில் நிற்க வைத்ததற்காக ஊரே அவர்மேல் பரிதாபப்படுகிறதோ, அந்த ஒரு இடத்தைத்தான் அவர் தனக்கென்று ஆக்கிக்கொண்டார்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். நைஜீரியாவின் பீடபூமி நகரமான ஜோஸில், இக்போ குடும்பத்தில், 1987 ஏப்ரல் 22 அன்று பிறந்தவர். வீட்டில் வைத்த பெயரில் இருந்தது 'மைக்கேல்'. 2003இல் ஃபின்லாந்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பியபோது, நைஜீரியக் கால்பந்துச் சங்கத்தில் யாரோ அதை 'மிக்கேல்' என்று எழுதிவிட்டார்கள். பரவாயில்லை, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் அதையே வைத்துக்கொண்டார். ஒரு குமாஸ்தாவின் எழுத்துப் பிழை இன்று செல்சியின் வரலாற்றில் நிற்கிறது.

ஒரு பையன், மூன்று கிளப்

பெப்சி கால்பந்து அகாடமியில் வளர்ந்து, பிளாட்டோ யுனைடெட்டில் ஆடி, தென்னாப்பிரிக்காவின் அஜாக்ஸ் கேப்டவுனில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, 2004இல் ஓஸ்லோவின் லின் கிளப்புக்கு வந்து சேர்ந்தார் மிக்கேல். லின் பெரிய கிளப் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து சிறு வயதில் கிளம்புகிறவர்கள் நேராக லண்டனுக்கோ மிலானுக்கோ போவதில்லை. பெல்ஜியம், நார்வே மாதிரி ஒரு நாட்டில் முதலில் இறங்குவார்கள். அங்கே குளிர் பழகும், ஆட்டம் பெரியவர்களின் கண்ணில் படும், 18 வயது ஆனதும் விலை பேசுவார்கள். மிக்கேலோடு சினேடு ஒபாசியும் இதே லின் வழியாகத்தான் ஐரோப்பாவுக்குள் வந்தார்.

18 வயது ஆனதும் விலை பேசத்தான் செய்தார்கள். லின்னுடன் பேசி முடித்துவிட்டோம், 2006 ஜனவரியில் பையன் வருவான் என்று யுனைடெட் அறிவித்தது. பேசிய தொகை 40 லட்சம் பவுண்டு. உடனே செல்சி எழுந்தது: அவருக்கும் அவர் ஏஜென்டுகளுக்கும் எங்களோடு முன்பே உடன்பாடு இருக்கிறது என்றது. அந்தச் சமயத்து செல்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். முதலாளி ரோமன் அப்ரமோவிச்சின் பணம், பயிற்சியாளர் ஜோசே மொரின்ஹோவின் வாய், 50 ஆண்டுக்குப் பிறகு கிடைத்த லீக் பட்டம். எதிரே யுனைடெட் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன். இரண்டு யானைகளுக்கு நடுவே பையன் மாட்டிக்கொண்டான்.

மே 11 அன்று லின் ஒரு கோப்பை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. மிக்கேல் அன்றைய அணியில் இல்லை. ஆட்டம் முடிவதற்குள் ஆளைக் காணவில்லை. கடத்திவிட்டார்கள் என்று நார்வேயில் பேச்சு எழுந்து, விஷயம் போலீஸ் வரை போனது. கடைசியில் பார்த்தால், லண்டனில் ஒரு ஹோட்டலில் தன் ஏஜென்ட் ஜான் ஷிட்டுவோடு இருந்தார். யுனைடெட் தாளில் கையெழுத்துப் போடும்படி தன்னை நெருக்கினார்கள் என்று பிறகு தொலைக்காட்சியில் சொன்னார். யுனைடெட்டும் லின்னும் அதை மறுத்தன. 'கடத்தல்' என்ற சொல் அவர் பெயரோடு முதல் தடவை செய்தியில் வந்தது அப்போதுதான். அது வெறும் பேச்சாக முடிந்தது. அந்தச் சொல் அவரை அதோடு விட்டுவிடவில்லை.

முதலில் திரும்பி லின்னுக்குப் போ என்றது ஃபிஃபா. ஆகஸ்டில் போனார். ஆனால் போன மனம் திரும்பவில்லை. லின் சட்டையில் அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தமே 6.

2006 ஜூன் 2 அன்று மூன்று கிளப்புகளும் உட்கார்ந்து பேசி முடித்தன. செல்சி யுனைடெட்டுக்கு 1.2 கோடி பவுண்டும் லின்னுக்கு 40 லட்சமும் கொடுக்க வேண்டும். ஆக 1.6 கோடி. தான் ஒருநாளும் களத்தில் இறக்காத ஆட்டக்காரரை வாங்கப் பேசிய விலையைப் போல மூன்று மடங்கு லாபம் யுனைடெட்டுக்கு. அந்தக் கோடையிலேயே அவர்கள் டாட்டன்ஹாமிலிருந்து மைக்கேல் கேரிக்கை வாங்கி, மிக்கேல் பின்னால் செல்சியில் நின்ற அதே இடத்தில் 12 ஆண்டுகள் நிற்க வைத்தார்கள் என்பது தனிக் கதை. லின் 2010இல் திவாலாகிக் கீழ்மட்ட லீக்கிலிருந்து மறுபடி தொடங்கியது. மிக்கேலால் வந்த பணம் அதைக் காப்பாற்றவில்லை.

யூட்ரெக்ட்டில் பார்த்த ஆள்

இந்த இழுபறிக்கு நடுவே ஒரு மாதம் அவர் பந்தையும் ஆடினார். 2005 ஜூனில் நெதர்லாந்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி. பயிற்சியாளர் சாம்சன் சியாசியா. நைஜீரியா இறுதிக்கு வந்தது. ஜூலை 2, யூட்ரெக்ட் நகரம், எதிரே அர்ஜென்டினா. ஆட்டம் 2-1 என்று அர்ஜென்டினாவுக்குப் போனது. இரண்டு கோலும் பெனால்டி, இரண்டையும் அடித்தவர் லயனல் மெஸ்ஸி. போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து மெஸ்ஸிக்கு, வெள்ளிப் பந்து மிக்கேலுக்கு.

"வீணாய்ப் போன திறமை" என்ற பேச்சு இங்கேதான் முளைத்தது. அந்தப் போட்டியில் மிக்கேல் ஆடியது பத்தாம் எண் ஆட்டக்காரர்களின் பாணி. பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, முன்னால் ஓடுகிறவனுக்கு வழி திறந்துவிடுவார். நாட்டின் பழைய நட்சத்திரம் ஜேஜே ஒகோச்சாவுக்கு வாரிசு வந்துவிட்டார் என்று நைஜீரியாவில் கொண்டாடினார்கள். மெஸ்ஸிக்கு அடுத்த இடத்தில் நின்றவர் என்ற அந்த ஒரு வரி, 15 வருடம் அவர் முதுகில் மூட்டையாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆனால் 2006 கோடையில் செல்சியின் நடுக்களத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஃபிராங்க் லாம்பார்ட், புதிதாக வந்திருந்த மைக்கேல் பாலக், மைக்கேல் எஸ்ஸியன். மூவரும் கோலை நோக்கி ஓடுகிறவர்கள், மூவரும் உச்சத்தில் இருந்தவர்கள். அங்கே காலியாகப்போகிற நாற்காலி ஒன்றுதான். டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்கும் கிளாட் மகலேலேயுடையது. அவருக்கு அப்போது 33 வயது. 19 வயதுப் பையனை மொரின்ஹோ அந்த நாற்காலிக்குப் பழக்கினார். யுனைடெட்டுக்குப் போயிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமா? ராய் கீன் 2005 நவம்பரிலேயே அங்கிருந்து கிளம்பிவிட்டார், அங்கேயும் காலியாக இருந்தது அதே இடம்தான். என் கணக்கில், எந்தச் சட்டையைப் போட்டிருந்தாலும் டிஃபென்ஸுக்கு முன்னால்தான் நின்றிருப்பார்.

பழகும் காலம் சுலபமாக இல்லை. பயிற்சிக்குத் தாமதமாக வந்து அபராதம் கட்டினார். 2006 அக்டோபரில் ரெடிங் ஆட்டத்தில் சிவப்பு அட்டை. 2007 செப்டம்பரில், மொரின்ஹோ போய் அவ்ரம் கிரான்ட் பொறுப்பேற்ற முதல் ஆட்டத்திலேயே இன்னொரு சிவப்பு அட்டை, அதுவும் மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானத்தில். அங்கிருந்த ரசிகர்களுக்கு அது எப்படி இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முட்டுக்கட்டை போடுகிறவர்

தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். எல்லார் கண்ணும் தேரின் மேலும் வடம் பிடிப்பவர்கள் மேலும் இருக்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடி ஒருவர் கட்டையோடு நடந்து வருவார். தேர் எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அவர் எந்தக் கட்டையை எப்போது செருகுகிறார் என்பதில் இருக்கிறது. சரியாகச் செய்தால் அவர் பெயரை யாரும் கேட்கமாட்டார்கள். தவறினால் ஊரே கேட்கும்.

டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டரின் வேலை இதுதான். மிக்கேல் வேகமானவர் அல்ல, பாய்ந்து விழுந்து டேக்கிள் போடுவதில் எஸ்ஸியனை நெருங்கமாட்டார். அவரிடம் இருந்தது உடம்பும் நிதானமும். எதிரணி ஆள் முதுகில் ஏறி நிற்கும்போது பந்தை வாங்குவார். தோளால் அவனை ஒரு அடி தள்ளி வைத்துவிட்டு, வந்த பக்கமே திருப்பாமல் மறுபக்கம் இருப்பவனிடம் கொடுப்பார். ஆறு கெஜம், எட்டு கெஜம். தொலைக்காட்சியில் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். 'பக்கவாட்டு பாஸ்' என்று கேலி செய்தவர்கள் பார்த்தது அந்த எட்டு கெஜத்தை மட்டும்தான். அந்த நேரத்தில் மற்ற பத்துப் பேரும் தங்கள் இடத்துக்குத் திரும்பிவிட்டதைப் பார்க்கவில்லை.

கோல் கணக்கைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். செல்சிக்காக எல்லாப் போட்டிகளிலும் 372 ஆட்டங்கள், 6 கோல். பிரீமியர் லீக்கில் 249 ஆட்டங்கள், ஒரே ஒரு கோல். 2007 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் மேக்கிள்ஸ்ஃபீல்டுக்கும் நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டுக்கும் எதிராக ஆளுக்கொன்று போட்டவர், செல்சி சட்டையில் அடுத்த கோலைப் போட 2013 செப்டம்பர் 21 வரை ஆனது. ஃபுல்ஹாமுக்கு எதிரான அந்த ஆட்டம்தான் அவருடைய ஒற்றை லீக் கோலைப் பார்த்தது. கிளப்பில் சேர்ந்து 7 வருடம் கழித்து.

அவர் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே ஒரு ஆட்டம் போதும். 2012 மே 19, முனிக், சாம்பியன்ஸ் லீக் இறுதி. நம் கடிகாரத்தில் நள்ளிரவு 12.15. எதிரணி பேயர்ன் தன் சொந்த மைதானத்திலேயே ஆடுகிறது. செல்சியில் கேப்டன் ஜான் டெர்ரி, இவனோவிச், ரமிரெஸ், மெய்ரெலெஸ் நான்கு பேரும் தடையில் வெளியே. நடுவில் நின்ற டிஃபென்டர்கள் கேஹில், டேவிட் லூயிஸ் இருவருமே தொடைத் தசைக் காயத்திலிருந்து அப்போதுதான் எழுந்து வந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் மிக்கேலும் லாம்பார்டும்.

பேயர்னின் ஆயுதம் இரண்டு ஓரங்கள். ஒரு பக்கம் ராபன், மறுபக்கம் ரிபெரி. இருவரும் கோட்டோரமாகப் போய்ச் சேராமல் உள்பக்கம் வெட்டி வருகிறவர்கள். வெட்டி வந்து சேரும் இடம் மிக்கேல் நிற்கும் இடம். அன்று அவர் துரத்தவில்லை. ராபன் உள்ளே திரும்பும் முன்பே இரண்டு அடி அந்தப் பக்கம் நகர்ந்து நின்றார். ஷாட் அடிக்க வேண்டுமென்றால் அவர் உடம்பைத் தாண்டித்தான் அடிக்க வேண்டும். பந்து மறுபக்கம் போனால் இவரும் நகர்ந்தார். பேயர்னுக்குக் கிடைத்த கார்னர் 20. செல்சிக்குக் கிடைத்தது 1. 83ஆவது நிமிடத்தில் முல்லர் கோல் போட, 88ஆவது நிமிடத்தில் அந்த ஒற்றை கார்னரில் ட்ரோக்பா தலையால் முட்டினார். கூடுதல் நேரத்தில் ராபனின் பெனால்டியைப் பீட்டர் செக் பிடித்தார். பெனால்டி ஷூட் அவுட்டில் 4-3. மறுநாள் எல்லாப் படங்களிலும் ட்ரோக்பாவும் செக்கும். நியாயம்தான். மிக்கேல் 120 நிமிடமும் களத்தில் இருந்தார். ஷூட் அவுட்டில் அவரை அடிக்கக்கூட அழைக்கவில்லை.

10 ஆண்டு செல்சி வாழ்வில் அவர் பார்த்த பயிற்சியாளர்களை வரிசையாகச் சொன்னாலே மூச்சு வாங்கும்: மொரின்ஹோ, கிரான்ட், ஸ்கொலாரி, ஹிடிங்க், அன்செலோட்டி, வில்லாஸ்-போவாஸ், டி மட்டேயோ, பெனிட்டெஸ், மறுபடி மொரின்ஹோ, மறுபடி ஹிடிங்க், கடைசியில் கோன்டே. வந்த ஒவ்வொருவரும் புது மிட்ஃபீல்டர் வாங்கினார்கள் அல்லது வாங்க நினைத்தார்கள். ஆனாலும் இரண்டு லீக் பட்டம், நான்கு எஃப்ஏ கோப்பை, ஒரு சாம்பியன்ஸ் லீக், ஒரு யூரோப்பா லீக் முடிய அவர் அங்கேயே இருந்தார். வீணாய்ப் போனவரை இத்தனை பேர் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

பச்சைச் சட்டை

நைஜீரிய அணியோடு அவர் உறவு கூட்டுக் குடும்பத்துச் சண்டை மாதிரி. 2007இல் அழைத்த ஆட்டங்களுக்கு வரவில்லை என்று ஒதுக்கி வைத்தார்கள், மன்னிப்புக் கேட்டதும் சேர்த்துக்கொண்டார்கள். 2008 ஒலிம்பிக்ஸ் அணியில் அவர் இல்லை. பயிற்சியாளர் அதே சியாசியா. அணி வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பியது. 2010 உலகக் கோப்பையைக் காயத்தில் தவறவிட்டார். ஒகோச்சாவின் இடத்தில் நின்று ஆடு என்று நாடு கேட்டது. கிளப்போ வாரா வாரம் வேறு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நல்ல பிள்ளையாக இருக்க முடியவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் ஸ்டீஃபன் கெஷி. 1994இல் கேப்டனாக ஆப்பிரிக்கக் கோப்பையைத் தூக்கியவர், 2013இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த அதே கோப்பைக்கு நைஜீரியாவின் பயிற்சியாளர். மிக்கேலைப் பின்னாலேயே நிற்க விட்டு, ஓடுவதற்கு ஒகெனி ஒனாசியைப் பக்கத்தில் வைத்தார். பந்து பின்னாலிருந்து புறப்படும்போதே யோசனையும் அங்கிருந்தே புறப்படட்டும் என்பது போன்ற ஏற்பாடு. ஜாம்பியாவுக்கு எதிராக மிக்கேல் பெனால்டியை வெளியே அடித்தார், ஆட்டம் டிரா. வழக்கமான வசவுகள் எழுந்தன. அப்புறம் காலிறுதியில் ட்ரோக்பா, யாயா டூரே அடங்கிய ஐவரி கோஸ்ட்டை 2-1, அரையிறுதியில் மாலியை 4-1, பிப்ரவரி 10 அன்று ஜோகன்னஸ்பர்கில் இறுதியில் புர்கினா ஃபாசோவை 1-0. கோல் சண்டே எம்பாவுடையது. அந்த ஆண்டின் ஆப்பிரிக்கச் சிறந்த ஆட்டக்காரர் தேர்வில் யாயா டூரே முதலிடம், மிக்கேல் இரண்டாமிடம். மறுபடியும் இரண்டாமிடம்தான். ஆனால் இம்முறை தன் சொந்த இடத்தில் நின்று வாங்கியது.

2016 ரியோ ஒலிம்பிக்ஸ் இன்னும் விசித்திரம். வயது வரம்பைத் தாண்டிய மூத்தவராகவும் கேப்டனாகவும் மிக்கேல், பயிற்சியாளர் மறுபடியும் சியாசியா. விமானத்துக்குப் பணம் கட்டாமல் அணி அமெரிக்காவின் அட்லாண்டாவில் முடங்கிக் கிடந்தது. மிக்கேல் தன் கைப்பணத்தை எடுத்துச் செலவழித்தார். ஜப்பானுக்கு எதிரான முதல் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் பிரேசிலின் மனாஸில் போய் இறங்கினார்கள். இறங்கிய களைப்பில் 5-4 என்று ஜெயித்தார்கள், அதில் நான்கு கோல் எடெபோ. காலிறுதியில் டென்மார்க்குக்கு எதிராக மிக்கேலே ஒரு கோல் போட்டார். ஹோண்டுராஸை 3-2 வென்று வெண்கலம். இவர்கள் பட்ட பாட்டைக் கேள்விப்பட்ட ஜப்பானிய அறுவை மருத்துவர் கட்சுயா தகாசு நேரில் வந்து ஏறக்குறைய 3.9 லட்சம் டாலருக்குக் காசோலை கொடுத்தார். தோற்றுப்போன அணியின் நாட்டுக்காரர் கொடுக்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்தபோது செல்சிக்கு அதே இடத்துக்குப் புது மிட்ஃபீல்டர் எங்கோலோ காண்டே வந்திருந்தார். 2016-17 சீசனில் பயிற்சியாளர் கோன்டே மிக்கேலை ஒரு லீக் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. 2017 ஜனவரியில் சீனாவின் தியான்ஜின் தெடா. பிறகு மிடில்ஸ்பரோ, துருக்கியின் டிராப்சன்ஸ்போர், ஸ்டோக், குவைத். இதில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா பரவும்போது லீக்கைத் தொடர்வது சரியில்லை, வாழ்க்கை கால்பந்தை விடப் பெரியது என்று வெளிப்படையாக எழுதி, ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு டிராப்சன்ஸ்போரை விட்டு வெளியேறினார். இரண்டு நாளில் லீக்கே நின்றது. தேசிய அணியிலிருந்து 2019 ஜூலையிலும், ஆட்டத்திலிருந்தே 2022 செப்டம்பரிலும் விடைபெற்றார்.

பஸ்ஸில் வந்த விவரம்

'கடத்தல்' என்ற சொல் திரும்பி வந்த கதை மிச்சமிருக்கிறது.

2011 ஆகஸ்டில் ஜோஸில் அவர் அப்பாவைக் கடத்திக்கொண்டு போனார்கள். செய்தி தெரிந்தும் மிக்கேல் ஸ்டோக்குக்கு எதிரான சீசனின் முதல் ஆட்டத்தில் ஆடினார். பத்து நாள் போல ஆனது அப்பா மீண்டு வர. மகன் செல்சியில் சம்பாதிக்கிறான் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த நாட்டில், அப்பாவின் தலைக்கு விலை வைப்பது சிலருக்குத் தொழில்.

2018 ஜூன் 26, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவோடு ஆட்டம். டிரா ஆனாலே நைஜீரியா ஏறக்குறைய அடுத்த சுற்றுக்குப் போய்விடும். 2005இல் யூட்ரெக்ட், 2014இல் போர்ட்டோ அலெக்ரே, இப்போது இங்கே. மிக்கேலும் மெஸ்ஸியும் நாட்டுச் சட்டையில் எதிரெதிரே நின்ற பெரிய ஆட்டங்கள் எல்லாவற்றிலும் மெஸ்ஸி கோல் போட்டிருந்தார். ஆட்டம் தொடங்க நான்கு மணி நேரம் இருக்கும்போது வீட்டிலிருந்து தகவல் வந்தது. ஒரு இறுதிச் சடங்குக்காகக் காரில் போய்க்கொண்டிருந்த அப்பாவை மறுபடி கடத்திவிட்டார்கள். கடத்தியவர்களின் எண்ணைக் கொடுத்து, நீயே பேசு என்றார்கள். மைதானத்துக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த எண்ணுக்குப் பேசினார். எதிர்முனை கேட்டது நைஜீரியப் பணத்தில் 1 கோடி நைரா. யாரிடமாவது சொன்னால் அப்பாவை உடனே சுட்டுவிடுவோம் என்றது.

பயிற்சியாளர் கெர்னோட் ரோரிடம் அவர் சொல்லவில்லை. நெருங்கிய சில நண்பர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. சட்டையை மாற்றி, கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு, வரிசையில் முதல் ஆளாக நடந்து போய், மெஸ்ஸியோடு கைகுலுக்கிவிட்டு, டிஃபென்ஸுக்கு முன்னால் தன் இடத்தில் போய் நின்றார்.

14ஆவது நிமிடத்தில் மெஸ்ஸி கோல். 51ஆவது நிமிடத்தில் விக்டர் மோசஸ் பெனால்டியில் சமன் செய்தார். 86ஆவது நிமிடம் வரை நைஜீரியா அடுத்த சுற்றில் இருந்தது. அப்போது மார்கோஸ் ரோஜோ அடித்தார், 2-1. தோற்றதற்கு மிக்கேலின் மந்தமான ஆட்டமும் காரணம் என்று வழக்கம்போல எழுதினார்கள்.

ஜூலை 2 அன்று எனுகு மாநிலத்தில் போலீஸ் துப்பாக்கிச் சண்டை போட்டு அப்பாவை மீட்டது. மறுநாள்தான் மிக்கேல் வாயைத் திறந்து, அந்த பஸ்ஸில் தான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று சொன்னார்.